கார்னருக்கு அவகாசம் கொடுங்கள்

புரோ கபடியில் தமிழ் தலைவாஸ் ஆட்டம் ஓடும் இரவுகளில், தென்காசிப் பக்கத்துப் பிரானூர் பார்டர் பரோட்டாக் கடைகளில் கார்னரில், அதாவது ஓரத்தில், நிற்கும் புது டிஃபெண்டர்தான் பேச்சு. இரண்டு ரெய்டர் தப்பிவிட்டால் போதும், “இவனை எதுக்கு எடுத்தாங்க?” என்கிறார்கள். இது அநியாயம். கார்னர் தனியாகப் பிடிப்பதில்லை. அவர் ரெய்டரின் கணுக்காலை மடக்கும் அதே நொடியில், பக்கத்தில் நிற்கும் கவர் டிஃபெண்டர் வந்து அமுக்க வேண்டும். கவர் அரை நொடி பிந்தினாலும் ரெய்டர் நடுக்கோட்டைத் தொட்டுவிடுவார், பழி கார்னருக்கு. அந்தப் புரிதல் சேர்ந்து ஆடி ஆடித்தான் வரும். 2019இல் தலைவாஸில் அறிமுகமானபோது கார்னர் சாகர் ராத்தீயும் பெயர் வாங்கியவரல்ல. ஆனால் 2021-22 சீசனில் 82 டேக்கிள் புள்ளிகள் குவித்தார். பொங்கலுக்கு ஊர்க் கபடியில் முழங்கால் சிராய்த்துக்கொண்ட தென்காசிக்காரர்களுக்கு, புரிதல் வர நாளாகும் என்பது தெரியாததல்ல. பத்து ஆட்டமாவது பொறுங்கள். அதுவரை புள்ளியை விடுங்கள், புது டிஃபெண்டர் எப்போது பாய்கிறார் என்பதைப் பாருங்கள்.