அசலைத் தொடாமல் வட்டியில் பாடியவர்!

1985 ஜனவரி 3. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் வெர்டியின் 'ஐடா' நடந்துகொண்டிருந்தது. அடிமையாகப் பிடிபட்ட எத்தியோப்பிய இளவரசி, தன் தாய்நாட்டை இனி பார்க்கவே முடியாதே என்று ஏங்கும் பாட்டு முடிந்தது. கைதட்டல் தொடங்கியது... நிற்கவே இல்லை. இசைக்குழு காத்திருந்தது. மேடையில் இருந்தவரும் அப்படியே நின்றார்.

அவர் பெயர் லியோன்டீன் பிரைஸ். வயது 57. ஓபரா மேடையில் அதுதான் அவரது கடைசி இரவு. குரல் போய்விட்டதால் அவர் விடைபெறவில்லை. குரல் நன்றாக இருக்கும்போதே விடைபெற்றார்.

ஓபராவில் பெண் குரல்களிலேயே உயர்ந்த ஸ்தாயியில் பாடுபவரைத்தான் 'சோப்ரானோ' என்பார்கள். நம் ஊர்க் கச்சேரிபோல முன்னால் மைக் இருக்காது. பெரிய இசைக்குழுவின் சத்தத்தைத் தாண்டி, சுமார் 3,800 பேர் உட்காரும் அந்த அரங்கின் கடைசி வரிசை வரை வெறும் குரல் போய்ச் சேர வேண்டும். பலரும் குரலைப் பாழாக்கிக்கொள்வது இங்கேதான்.

கிராமபோனைக் கொடுத்து வாங்கிய பியானோ

1927-ல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள லாரல் என்ற ஊரில் பிறந்தவர் பிரைஸ். அப்பாவுக்கு மர ஆலையில் வேலை. அம்மா பிரசவம் பார்ப்பவர், சர்ச்சில் பாடுபவர். மகளின் இசை ஆர்வத்தைப் பார்த்த பெற்றோர், வீட்டில் இருந்த கிராமபோனையே முன்பணமாகக் கொடுத்து பியானோ வாங்கினார்கள்.

ஒன்பது வயதில் அம்மா அவரை ஜாக்சன் நகருக்கு அழைத்துப் போனார். அங்கே மரியன் ஆண்டர்சன் என்ற கறுப்பினப் பாடகியின் கச்சேரி. கறுப்பர்களுக்கும் வெள்ளையர்களுக்கும் பள்ளி முதல் பஸ் இருக்கை வரை எல்லாமே தனித்தனியாக இருந்த காலம் அது. தன்னைப்போன்ற ஒரு பெண் மேடையில் கம்பீரமாக நின்று பாடியதை அந்தச் சிறுமி கடைசி வரை மறக்கவில்லை.

இசை ஆசிரியை ஆவதற்காகத்தான் பிரைஸ் கல்லூரிக்குப் போனார். அங்கே அவரது குரலைக் கேட்டவர்கள் விடவில்லை. நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப் பள்ளியில் இடம் கிடைத்தது. செலவுக்கு லாரலில் இருந்த வசதியான வெள்ளையர் குடும்பம் ஒன்று உதவியது. புகழ்பெற்ற பாடகர் பால் ராப்சன் அவருக்காகக் கச்சேரி செய்து நிதி திரட்டிக் கொடுத்தார்.

ஜூலியார்டில் ஃப்ளோரன்ஸ் பேஜ் கிம்பால் அவருக்கு ஆசிரியை. குரலை வட்டியில் மட்டும் செலவு செய், அசலில் கை வைக்காதே என்பது அவர் கற்றுக்கொடுத்த பாடம். பிரைஸின் மொத்த வாழ்க்கையும் இந்த ஒற்றைப் பாடத்தில் அடங்கும்.

முதல் 'வேண்டாம்'

1955-ல் என்.பி.சி தொலைக்காட்சி அவரைக் கதாநாயகியாக வைத்து 'டோஸ்கா' ஓபராவை ஒளிபரப்பியது. வெள்ளைக்காரக் காதலனுக்கு ஜோடியாகக் கறுப்பினப் பெண் நடிப்பதா என்று சில ஊர் நிலையங்கள் அதை ஒளிபரப்பவே மறுத்தன.

மூன்று ஆண்டுகளில் மெட்ரோபாலிட்டன் ஓபராவே அவரைத் தேடி வந்தது. வந்து 'ஐடா' பாடுங்கள் என்றார்கள். எந்தப் பாடகியும் துள்ளிக் குதித்து ஒப்புக்கொள்ளும் வாய்ப்பு. பிரைஸ் மறுத்துவிட்டார்!

'ஐடா' அவருக்குப் பிடிக்காத பாத்திரம் இல்லை. சான்ஃபிரான்சிஸ்கோவில் ஏற்கெனவே பாடியிருந்தார். அதே 1958-ல் வியன்னாவிலும் பாடினார். ஆனால், நாட்டின் மிகப் பெரிய ஓபரா மேடையில் ஒரு கறுப்பினப் பெண் வைக்கும் முதல் அடி, அடிமைப் பெண் வேடத்தில் இருக்கக் கூடாது. கையில் இன்னும் பல பாத்திரங்களோடு போக வேண்டும் என்று அவரது நலம்விரும்பிகள் சொன்னார்கள். அவரும் காத்திருந்தார்.

காத்திருப்பு வீண்போகவில்லை. 1961 ஜனவரி 27 அன்று அதே மெட்ரோபாலிட்டனில் 'இல் ட்ரோவடோரே' ஓபராவின் லியோனோராவாக, ஓர் உயர்குடிப் பெண்ணாக நுழைந்தார். முடிந்தபோது அரை மணி நேரத்துக்கும் மேல் கைதட்டல் நீடித்தது. அடுத்த சில வாரங்களில் 'டைம்' பத்திரிகையின் அட்டையில் அவர் முகம்.

அசல் கரைந்த இரவு

ஒரே ஒரு முறை அந்தக் கணக்கு தப்பியது. அதே 1961 அக்டோபரில் புதிய சீசனையே தொடங்கிவைக்கும் பெருமை அவருக்குக் கிடைத்தது. ஓபரா, புச்சினியின் 'லா ஃபான்சியுல்லா டெல் வெஸ்ட்'. குரலுக்குப் பாரமான வேடம். முதல் நாள் நன்றாகப் போனது. இரண்டாவது காட்சியில், பாடப் பாடக் குரல் தேய்ந்தது. இரண்டாம் அங்கம் முடிவதற்குள் பாட முடியாமல் வசனம்போலச் சொல்ல வேண்டிய நிலை. மூன்றாம் அங்கத்தை வேறொரு பாடகி வந்து முடித்துக்கொடுத்தார்.

சில வாரங்களில் மேடைக்குத் திரும்பினார். ஆனால், உடலும் மனமும் களைத்திருந்தன. புகழின் உச்சியில் இருந்தபோதே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ரோம் நகருக்குப் போய் ஓய்வெடுத்தார். அடுத்த ஆண்டு, தெளிந்த குரலோடு வந்தார்.

அதன்பிறகு அவர் 'வேண்டாம்' என்று சொல்லத் தயங்கவே இல்லை. 1970-களில் ஓபராக்களைக் குறைத்துக்கொண்டு, பியானோ துணையோடு பாடும் தனிக் கச்சேரிகளுக்கு மாறினார். எதைப் பாடுவது, எப்போது பாடுவது என்ற முடிவு அங்கே அவர் கையில் இருந்தது.

57 என்ற எண்

சிறுமி பிரைஸ் ஒன்பது வயதில் பார்த்து வியந்த மரியன் ஆண்டர்சனை, மெட்ரோபாலிட்டன் ஓபரா மேடையேற்றியது 1955 ஜனவரியில். அங்கே முக்கிய வேடத்தில் பாடிய முதல் கறுப்பினக் கலைஞர் அவர்தான். அப்போது அவருக்கு வயது 57. குரலின் நல்ல காலமெல்லாம் கடந்திருந்தது. முதியவர் உள்ளே நுழைந்த வயதில், இளையவர் தன் விருப்பப்படி விடைபெற்றார். நடுவே இருந்தது 30 ஆண்டுகள்.

ஓபராவை விட்ட பிறகும் பிரைஸ் பல ஆண்டுகள் கச்சேரி செய்தார். பிறகு அதையும் நிறுத்தினார். 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் இறந்தவர்களுக்கு, அந்த மாதக் கடைசியில் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் அஞ்சலிக் கச்சேரி நடந்தது. ஓய்வில் இருந்த பிரைஸை அழைத்தார்கள். இந்த முறை மறுக்கவில்லை. 74 வயதில் மேடையேறி இரண்டு பாடல்கள் பாடினார். இரண்டாவது பாட்டுக்குப் பக்கவாத்தியமே இல்லை. கடைசியில் உச்ச ஸ்தாயியில் ஒரு ஸ்வரத்தைப் பிசிறில்லாமல் பிடித்து நின்றார்.

அசல் பத்திரமாகவே இருந்தது!