திரை இல்லை என்பது மட்டும் போதுமா?

எங்கள் குழந்தைகள் நலப் பிரிவின் வாயிலில் காத்திருக்கும் குழந்தைகளில் பலரின் கையில் கைபேசி இருக்கிறது. இரண்டு வயது நிறையும் வரை திரையே வேண்டாம், அதன்பின் ஐந்து வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் அறிவுறுத்துகிறது. நாங்களும் அதையே சொல்லி வருகிறோம். அதனால் அண்மைக் காலமாகப் பெற்றோர் எங்களிடம் ஒரு கேள்வியை முன்வைக்கின்றனர்: “போன் கொடுப்பதை நிறுத்திவிடுகிறோம், டாக்டர். பதிலுக்குத் திரை இல்லாத பாட்டுப் பெட்டி வாங்கித் தரலாமா?”

தரலாம் என்பதே எங்கள் விடை. காதால் கேட்கும் குழந்தையின் கண்ணும் கையும் கட்டுண்டு போவதில்லை. கதையைக் கேட்டுக்கொண்டே அது மரக்கட்டைகளை அடுக்கலாம். கதையில் வரும் யானையைத் தன் மனத்திலேயே வரைந்துகொள்ளலாம். எனினும், எந்தப் பெட்டியை வாங்குவது என்பதில் விலையையும் அழகையும் விட முன்னால் பார்க்க வேண்டியவை உண்டு.

முதலாவது, மின்கலம். சிறிய வட்டமான பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திற்குள்ளாகவே கடும் புண்ணை உண்டாக்கிவிடும். ஆகவே மின்னேற்றம் செய்யும் கலம் உள்ளே பொருத்தப்பட்ட பெட்டியையே தேர்ந்தெடுங்கள். பெட்டியுடன் ரிமோட் வந்தால் அதில் பட்டன் பேட்டரி இருக்கக்கூடும். அதைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பேட்டரியை விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே போதும். வாந்தி எடுக்க வைக்காமல், அறிகுறிக்காகக் காத்திராமல், உடனே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.

இரண்டாவது, ஒலி அளவு. குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரத்திற்கு 75 டெசிபல் என்பதே உலக சுகாதார நிறுவனம் காட்டும் எல்லை. ஒலி 3 டெசிபல் கூடும்போதெல்லாம் பாதுகாப்பாகக் கேட்கத்தக்க நேரம் பாதியாகக் குறைந்துவிடும். எனவே உச்ச அளவைப் பெற்றோர் வரையறுத்து வைக்கக்கூடிய பெட்டி நல்லது. அவ்வசதி இல்லையெனில் ஓர் எளிய சோதனை உண்டு: கைக்கெட்டும் தொலைவில் நின்று இயல்பான குரலில் நீங்கள் பேசுவது குழந்தைக்குக் கேட்க வேண்டும். சிறு குழந்தைகளின் காதில் இயர்போன் மாட்டுவதை நாங்கள் விரும்புவதில்லை.

மூன்றாவது, தானாக முடியும் தன்மை. ஒரு கதை முடிந்ததும் நிற்கும் பெட்டி வேண்டும்; இரவெல்லாம் அடுத்தடுத்து ஒலிக்கும் பெட்டி உறக்கத்தைக் கெடுக்கும்.

ஜெர்மனியில் 2016-இல் அறிமுகமான டோனிபாக்ஸ், சிறு பொம்மையை மேலே வைத்தால் கதை சொல்லும். கருத்து அழகானதே. ஆயினும் விலையுயர்ந்த பெட்டி வாங்க இயலவில்லையே என்று எந்தத் தாயும் வருந்த வேண்டியதில்லை. மெமரி கார்டு செருகும் எளிய ஒலிபெருக்கிப் பெட்டியே, மேற்சொன்ன நிபந்தனைகளுக்கு உட்பட்டால், போதுமானது. அந்தச் சிறிய கார்டைக் குழந்தை பிடுங்கி வாயில் போட்டுவிடாதபடி மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவற்றையெல்லாம் விட முக்கியமான ஒன்றை இனிச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பெட்ரீஷியா குல் குழுவினர் 2003-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழி கேட்கச் செய்யப்பட்டது. நேரில் அமர்ந்து பேசி விளையாடியவரிடமிருந்து குழந்தைகள் அம்மொழியின் ஒலி வேறுபாடுகளைக் கற்றன. அதே பேச்சைக் காணொளியாகக் கண்டவையும் கற்கவில்லை. ஒலிப்பதிவாக மட்டும் கேட்டவையும் கற்கவில்லை. திரையை அகற்றினால் பாதி வேலைதான் முடிந்தது என்பதே இதன் பொருள். பெட்டி பேசும், குழந்தை “ங்கா” என்றால் அதற்கு மறுமொழி சொல்லாது. பேச்சு தாமதமாகிறது என்று கவலையோடு வருவோரிடம் நாங்கள் பெட்டியைப் பரிந்துரைப்பதில்லை. மடியில் இருத்திப் பேசுமாறும், செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளுமாறுமே கூறுகிறோம்.

ஆகவே பெட்டி ஒலிக்கும்போது அருகில் இருங்கள். “யானை எங்கே போச்சு?” என்று நடுவில் கேளுங்கள். நீண்ட நாள் இங்கே தங்கிச் சிகிச்சை பெறும் குழந்தையாயின், ஊரில் இருக்கும் பாட்டியின் குரலில் ஒரு கதையைப் பதிவு செய்து கொண்டுவாருங்கள். துணி உறையில்லாத, துடைத்துச் சுத்தம் செய்யக்கூடிய பெட்டியாக இருக்கட்டும். அடுத்த படுக்கையில் உறங்கும் பிள்ளையையும் நினைவில் கொண்டு ஒலியைத் தாழ்த்தி வையுங்கள்.

சமையலை முடிக்கவும் சற்றே கண்ணயரவும் உங்களுக்கு அரை மணி நேரம் தேவைப்படும். அந்த அரை மணி நேரத்தைப் பாட்டுப் பெட்டி தாராளமாகத் தரட்டும். அதில் குற்றவுணர்வுக்கு இடமில்லை. மீதி நேரத்தில் குழந்தை கேட்க வேண்டிய குரல் உங்களுடையதே.