நிலைப்பதிப்பும் காவலும்

திறவூற்று மென்பொருள் ஊர்ப்பொதுக் கிணறு போன்றது. எவரும் இறைக்கலாம், எவரும் தூர்வாரலாம். ஆயின் நஞ்சு கலக்க வருவானும் அவ்வழியே வருவான். ஆகலின் அதற்குக் காவல் வேண்டும்.

தெபியன் இயங்குதளத்தைப் படைப்போர் அக் காவலைக் கிளைகளாக வகுத்துள்ளனர். புதியவை முதலில் நிலையாக் கிளையிற் புகும். குறை காணாவிடில் ஆய்வுக் கிளைக்கு வரும். பின்னர்ப் புதுமைக்குக் கதவடைத்துப் பிழைகளை மட்டுமே களைவர். அதன் பின்னரே நிலைப்பதிப்பு வெளிவரும். ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறையே அது வருகின்றதென எள்ளுவாரும் உளர்.

அவர்க்கு 2024-இல் விடை கிடைத்தது. எக்சு-செட்டு எனும் சுருக்கு மென்பொருளை ஊதியமின்றிப் பல்லாண்டு பேணியவர் களைத்திருந்த பொழுதில், துணைவர்போல் வந்தொட்டிய ஒருவர் 5.6.0, 5.6.1 பதிப்புகளிற் கள்ளக்கதவு வைத்தார். தொலைநுழைவு அரைநொடி சுணங்கியதைக் கண்டு துருவிய ஆந்திரேசு பிரோயிண்டு, மார்ச்சு 29-ஆம் நாள் அதனை வெளிப்படுத்தினார். நஞ்சு தெபியனின் முதலிரு கிளைகளிலும் புகுந்திருந்தது, நிலைப்பதிப்பைத் தீண்டவில்லை.

எனினும், தாழ்த்தல் மட்டுமே காவலாகாது. அந் நஞ்சை இயக்கிய வரிகள் எல்லாரும் காணும் நிரற்களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கெனக் கட்டிய பொதியிலேயே ஒளிந்திருந்தன. எனவே பொதுநிரலினின்றே பொதி கட்டப்பெறல் வேண்டும். அதனை எவரும் மீளக் கட்டி ஒப்புநோக்க இயலவும் வேண்டும். ஒருவர் தோளிற் சுமையேற்றிவிட்டு ஊரெல்லாம் உறங்குதல் அறமன்று. நீர் பருகுவார் காவலிலும் பங்கு கொள்க!