பாட்டை முடியவிடும் படங்கள்

இசைக்கலைஞர்களைப் பற்றிய ஆவணப்படங்களைப் பரிந்துரைக்கும் பட்டியல்களுக்குக் குறைவில்லை. அவற்றுள் பெரும்பாலானவை கலைஞரின் புகழையே அளவுகோலாகக் கொள்கின்றன. பெயர் பெரிதாயின் படமும் நல்லதாகத்தான் இருக்கும் என்பது அவற்றின் எடுகோள். இந்த எடுகோள் பார்வையாளரைக் கைவிட்டுவிடுகிறது. பிறந்த ஊர், குருகுலம், வறுமை, விருதுகள், சக கலைஞர்களின் புகழுரை என்று வரிசையாக நகரும் படங்களில் பாட்டு அரை நிமிடம் நீடிப்பதே அரிது. பாட்டு எழும்பும் நேரத்தில் வருணனைக் குரல் குறுக்கிடுகிறது. இசை அதற்குப் பின்னணியாகச் சுருங்கிவிடுகிறது.

வாழ்க்கைக் குறிப்பை ஒரு நூலிலிருந்து பெற்றுவிடலாம். பாடுபவர் எங்கே மூச்சு எடுக்கிறார், பக்கவாத்தியக்காரரின் பார்வை எப்போது அவர் பக்கம் திரும்புகிறது, ஓர் ஆலாபனை முழு உருக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகிறது என்பவற்றை நூலால் தர இயலாது. ஒலிப்பதிவும் இவற்றில் பாதியைத்தான் தரும். ஆகவே இத்தகைய படத்தைப் பரிந்துரைக்குமுன் கேட்க வேண்டிய முதற்கேள்வி எளியது: இப்படம் பாட்டை முடியவிடுகிறதா?

இந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை தரும் படங்களுள் ஒன்று சத்யஜித் ராய் 1976இல் இயக்கிய 'பாலா'. வீணை தனம்மாளின் பேத்தியும், நாட்டியக் கலைஞராக இருந்தே 1973இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றவருமான டி. பாலசரஸ்வதியைப் பற்றிய சுமார் அரை மணி நேரப் படம் இது. கடற்கரையில் காற்று புடவையை அலைக்கழிக்க அவர் ஆடும் காட்சியைக் குறை கூறியோர் உண்டு. இளமையில் அவர் ஆடியதை எவரும் முறையாகப் படம்பிடிக்கவில்லை என்ற வருத்தமும் நியாயமானதே. ஆயினும் இறுதியில் பதவர்ணத்துக்கு ராய் ஒதுக்கும் நீண்ட நேரம் அக்குறைகளை ஈடுசெய்கிறது. ஐம்பத்தெட்டு வயதில் ஓர் உடல் தாளத்தை எவ்வாறு தாங்குகிறது என்பதற்கு அது சான்றாக நிற்கிறது.

மணி கௌல் 1982இல் உருவாக்கிய 'துருபத்' இதனினும் ஒரு படி மேலே செல்கிறது. ருத்ரவீணைக் கலைஞர் ஜியா மொகியுத்தீன் டாகரும் அவருடைய தம்பி ஜியா ஃபரீதுத்தீன் டாகரும் இப்படத்தில் தம்மைப் பற்றிப் பேசுவதைவிட இசைப்பதே மிகுதி. டாகர்களிடம் தாமே துருபத் பயின்றவர் கௌல். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு ஆலாபனை நகரும் அதே நிதானத்தில் அவருடைய கேமராவும் நகர்கிறது. மும்பை நகரின் மேல் நகரும் நீண்ட காட்சியோடு படம் நிறைவுறுகிறது. பொறுமையற்றோருக்கு இது சோதனை. ஆனால் துருபதே பொறுமையைக் கோரும் கலை. அதைப் பற்றிய படம் பொறுமையைக் கோராவிடில் அது வேறெதையோ பற்றிய படமாகிவிடும்.

கச்சேரிப் படங்களுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். 1967ஆம் ஆண்டு மான்டரே விழாவைப் பதிவுசெய்த டி. ஏ. பென்னிபேக்கரின் 'மான்டரே பாப்' ரவிசங்கரின் வாசிப்போடு முடிகிறது. அப்பகுதியில் கேமரா வெகுநேரம் கேட்போரின் முகங்களிலேயே உலவிவிட்டுப் பின்னரே மேடைக்கு வருகிறது. அறிமுகமற்ற இசை ஒரு கூட்டத்தைச் சிறிது சிறிதாக ஆட்கொள்வதைக் காட்ட இதனினும் சிறந்த வழி இல்லை. 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கில் நடந்த வங்கதேச நிதிக் கச்சேரியின் படமும் பயில வேண்டியதே. ரவிசங்கரும் அலி அக்பர் கானும் சுருதி சேர்த்ததையே வாசிப்பென்று கருதிக் கூட்டம் கைதட்டிய நிகழ்வு அதில் பதிவாகியுள்ளது. பண்பாடுகளுக்கிடையிலான கேட்டலைப் பற்றிய வகுப்பை அந்தச் சில கணங்களிலிருந்தே தொடங்கலாம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். படம்பிடிக்கப்படாமலே மறைந்த கலைஞர்களை என்ன செய்வது? பாட்டு முழுமையாக ஒலிப்பதே அளவுகோலென்றால், கேமரா நெருங்காதவர்கள் வரலாற்றிலிருந்தும் வெளியேற்றப்பட மாட்டார்களா? மறுப்பு வலுவானது, அதனால் அளவுகோலை விரிக்க வேண்டியுள்ளது. பாட்டு கிடைக்காதபோது, கிடைக்காமையைப் படம் எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதே இரண்டாவது கேள்வி.

சபா திவானின் 'தி அதர் சாங்' (2009) இதற்குச் சிறந்த விடை. வாரணாசியின் ரசூலன் பாய் புகழ்பெற்ற பைரவி தும்ரி ஒன்றின் வேறொரு வடிவத்தை 1935இல் இசைத்தட்டில் பதிவுசெய்தார். பின்னர் அவர் அதைப் பாடவேயில்லை. இரு வடிவங்களுக்கும் இடையிலான முக்கிய வேறுபாடு ஒரே சொல். பலரும் அறிந்த வடிவத்தில் அடிபடுவது 'கரேஜ்வா', அதாவது நெஞ்சம். இசைத்தட்டில் அடிபடுவது 'ஜோபன்வா', இளமையையும் மார்பையும் ஒருங்கே சுட்டும் சொல். அந்த ஒரு சொல்லைத் தேடித்தான் படம் வாரணாசி, லக்னோ, முசாபர்பூர் எனப் பயணிக்கிறது. தவாயிஃப் என அழைக்கப்பட்ட பாடகியரின் கலை 'தூய்மை' பெற்றபோது அப்பாடகியர் எவ்வாறு ஓரங்கட்டப்பட்டனர் என்பதைச் சொல்லின் மறைவோடு இணைத்துக் காட்டுகிறது. பாடபேத ஆய்வு சமூக வரலாறாக மாறும் இடம் இது. பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடைசெய்த 1947ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டத்தையும், சிருங்காரத்தை நீக்கி நாட்டியத்தைத் தூய்மைப்படுத்த முயன்றோரைப் பாலசரஸ்வதி எதிர்த்ததையும் அறிந்தோர் 'பாலா'வையும் இப்படத்தையும் அடுத்தடுத்துப் பார்ப்பது நலம். ஒன்று மற்றொன்றின் உரையாக அமையும்.

மணி கௌலின் 'சித்தேஸ்வரி' (1989) இல்லாமையை வேறு வகையில் கையாள்கிறது. சித்தேஸ்வரி தேவி 1977இல் காலமானவர். மீதா வசிஷ்ட் அவராக நடிக்கிறார். ஆனால் இறுதியில் அந்நடிகையே தொலைக்காட்சித் திரையில் உண்மையான சித்தேஸ்வரி பாடுவதைப் பார்த்திருக்கிறார். நடிப்பு தன் எல்லையை ஒப்புக்கொண்டு விலகிக் குரலுக்கு வழிவிடுகிறது.

மொழி பயில்வோர் தவறவிடக் கூடாதவை ஷப்னம் வீர்மானியின் கபீர் படங்கள். அவற்றுள் 'கோயி சுன்தா ஹை' குமார் கந்தர்வரைப் பின்தொடர்கிறது. காசநோயால் ஆண்டுக்கணக்கில் பாட இயலாமல் தேவாசில் படுத்திருந்த அவர், மால்வா நாட்டுப்புறப் பாடல்களுக்குச் செவிகொடுத்தார். அக்கேட்டல் பின்னாளில் அவர் பாடிய நிர்குணப் பாடல்களிலும் ஒலித்தது. 'ஹத் அன்ஹத்' எல்லை கடந்து கராச்சிக் கவ்வாலி வரை செல்கிறது. எந்தப் பாடம் மூலபாடம் என்ற கேள்வியே வலுவிழந்து, ஒவ்வொரு பாடகரும் ஒரு பதிப்பாசிரியராக நிற்பதை இவற்றில் காணலாம்.

இப்படங்களைத் தமிழ் மாணவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத் துணையுரை வழியாகவே அணுக வேண்டியிருக்கிறது. போஜ்புரி முதலிய கிழக்கு வழக்குகளில் பெயர்ச்சொல்லின் ஈற்றில் சேரும் 'வா' தரும் நெருக்கம் அதில் கரைந்துவிடுகிறது. மால்வியும் பிரஜும் ஒரே ஆங்கிலமாகிவிடுகின்றன. தமிழில் நேரடியாகத் துணையுரை எழுதுவது மொழியியல், மொழிபெயர்ப்பியல் துறைகள் மேற்கொள்ளத்தக்க பணி. ஒரு முதுகலை ஆய்வேட்டுக்குப் போதிய உழைப்பும் அதில் உண்டு.

துறைகள் செய்ய வேண்டியவை இன்னும் இரண்டு. முதலாவது, வகுப்பில் ஐந்து நிமிடத் துணுக்கைக் காட்டும் பழக்கத்தைக் கைவிட்டு, படத்தை முழுமையாகத் திரையிடுதல். பாட்டை வெட்டாத படத்தை வகுப்பறை வெட்டுவது முரண். இரண்டாவது, இப்படங்களின் படிகளை முறையான உரிமத்தோடு பல்கலைக்கழக நூலகங்களில் சேர்த்தல். மணி கௌலின் படங்களைத் தயாரித்த பிலிம்ஸ் டிவிஷன் போன்ற நிறுவனங்கள் 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டன. நிறுவனங்கள் இணையலாம், இணையத்தில் ஏற்றப்பட்டவை ஒரே நாளில் மறையலாம். நூலகத்தில் உள்ள படி நிலைக்கும். ஆய்வேட்டில் மேற்கோள் காட்டப்படும் சான்று, அடுத்து வரும் ஆய்வாளருக்கும் கிடைக்க வேண்டுமல்லவா?

எங்கே தொடங்குவது என்று தயங்குவோர்க்கு ஒரு வரிசை: முதலில் 'பாலா', அடுத்து 'தி அதர் சாங்', பின்னர் 'கோயி சுன்தா ஹை', நான்காவதாகச் 'சித்தேஸ்வரி', இறுதியில் 'துருபத்'. வாரத்துக்கு ஒன்றாகப் பார்த்தால் ஐந்து வாரம். விளக்கை அணைத்துவிட்டு, நல்ல ஒலிபெருக்கியில், இடையில் நிறுத்தாமல் பார்க்க வேண்டும்.