காருக்குச் சலாம்; கைகளுக்கு?

ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டப வாசலில் நின்று பாருங்கள். பஸ்ஸை விட்டிறங்கி நடந்து வருபவரை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஆனால் 'பென்ஸ்' கார் வந்து நின்றால், இறங்குபவர் யாரென்று தெரியுமுன்பே கைகள் குவிகின்றன. அந்த வணக்கம் மனிதனுக்கல்ல. முகப்பில் மின்னும் சின்னத்துக்கு! இந்த மரியாதைக்கு ஆசைப்பட்டு நடுத்தரக் குடும்பத்தார் சிலர் கடன்பட்டுப் பழைய உயர்ரகக் கார் வாங்குகிறார்கள். தவணை கட்டியே ஓய்ந்து போகிறார்கள்.

அந்தச் சின்னத்தில் அப்படி என்ன மகிமை? ஒரு காலத்தில் அம்பாஸடர் கார் என்றாலே மந்திரி, கலெக்டர். பின்னர் அது வாடகைக் காராயிற்று. 2014-ல் உற்பத்தியே நின்றது. பணக்காரர் வேறு காருக்கு மாறினார்கள். கௌரவமும் அவர்களுடனேயே போய்விட்டது. 'ஜெர்மன் கார்' என்று வியக்கிறோமே, அந்த பி.எம்.டபிள்யூ. கார்கள் பல 2007 முதல் செங்கற்பட்டு அருகே நம் தொழிலாளர் கைகளால்தான் பூட்டப்படுகின்றன. பெயர் அந்நியனுடையது, உழைப்பு நம்முடையது.

சர்க்காரும் சின்னத்துக்குச் சலாம் போடுகிறது. பெரிய கார்களுக்கு ஜி.எஸ்.டி.யும் செஸ்ஸும் சேர்ந்து 50 சதம் வரை இருந்த வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதமாயிற்று. சிறு கார்களுக்கும் வரி குறைந்தது. அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் 50 சத வரி கட்டிவந்த, வரிக்கு முன் 1 கோடி ரூபாய் விலையுள்ள காருக்கு 10 லட்ச ரூபாய் சலுகை எதற்கு?

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி வட்டார விசைத்தறிகளில் ஆஸ்பத்திரிகளுக்கான பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். ஊரார் காயத்துக்குக் கட்டுத்துணி தரும் அந்தத் தொழிலாளர், தங்கள் கூலிக்காகப் பலமுறை தறியை நிறுத்திப் போராட வேண்டியிருந்தது. அவர்கள் கூலி கேட்டால் மட்டும் 'கட்டுப்படியாகாது' என்ற பல்லவி! இது என்ன நியாயம்?

கார் கூடாதென்று நாம் சொல்லவில்லை. மலையடிவாரக் கிராமத்தில் பிரசவ வேதனைப்படும் தாய்க்கு வாகனம் வேண்டும். மனிதனைக் காரால் அளக்கும் புத்திதான் கூடாது. ஆடம்பரத்துக்கு வரிச் சலுகை கூடாது; தறித் தொழிலாளிக்கு நியாயமான கூலி வேண்டும்.

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர் அசைவது ஆயிரமாயிரம் பேர் வடம் பிடிப்பதால். அந்தக் கைகள் விலகினால், எவ்வளவு உயர்ந்த தேரும் நிலையிலேயே நிற்கும். இதை உழைக்கும் மக்கள் உணரட்டும், உணர்ந்து ஒன்றுபடட்டும்!