நாயோடு நடக்க எவ்வளவு?

அடுத்தவர் வீட்டு நாயைக் கூட்டிக்கொண்டு போய், முக்கால் மணி நேரம் நடக்க வைத்து, பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து விடுவது இப்போது ஒரு தொழில். இதை வானொலியில் சொன்னால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். மீதிப் பேர் மாதம் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்கிறார்கள். தமிழில் இதற்கு நல்ல பெயர் இன்னும் அமையவில்லை. 'நாய் நடத்துநர்' என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். "பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவர் மாதிரி இருக்கு" என்றார் பக்கத்தில் இருந்த சக அறிவிப்பாளர். அதனால் ஊரோடு ஒத்து 'டாக் வாக்கர்' என்றே எழுதுகிறேன்.

பினாங்கில் இதற்கு ஏன் ஆள் தேவைப்படுகிறது என்று தெரிய, காலை ஏழு மணிக்குப் பாயான் லெப்பாஸ் பக்கம் போகும் வாகன வரிசையைப் பார்த்தால் போதும். 1972-இல் அங்கே தொழிற்பேட்டை வந்ததிலிருந்து இந்தத் தீவில் பல வீடுகளின் கடிகாரம் ஷிப்டுக்குத்தான் ஓடுகிறது. கணவன், மனைவி இரண்டு பேரும் இருட்டும்வரை வெளியே. வீடு பதினெட்டாவது மாடியில். நாய் வீட்டுக்குள்ளே. தோட்டத்து வீடுகளில் நாய்க்கு யாரும் நடை பழக்கியதில்லை. அதுவே நம் பின்னால் மளிகைக் கடை வரைக்கும் வந்துவிட்டு, நமக்கு முன்னால் வீடு போய்ச் சேரும். கொண்டோவில் லிஃப்டுக்குக் கூட அட்டை வேண்டும். நாய் என்ன செய்யும், பாவம்.

இந்தத் தொழிலில் இருக்கும் ஒரு தம்பி, எங்கள் நிகழ்ச்சிக்குக் குரல் பதிவு அனுப்பியிருந்தார். வயது இருபதுகளில். தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு வந்தவர். ஒரு நடைக்கு 25 வெள்ளி, ஒரு நாளைக்கு ஆறு நாய் என்பது அவர் கணக்கு. தனித்தனியாகக் கூட்டிப்போனால் நடை மட்டுமே நாலரை மணி நேரம். மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வீடு போகும் நேரம் தனி. ஒரே கொண்டோவில் இருந்து மூன்று நாய்களைச் சேர்த்துக் கூட்டிப்போனால் அந்த நேரம் பாதிக்கு மேல் மிச்சம். அப்படி ஒரு நாள் மூன்று கயிறுகளோடு ஒரு பூங்காவுக்குள் நுழைந்திருக்கிறார். உடற்பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவர் வழிமறித்து, "இது பொது இடம் தம்பி, உன் கடை இல்ல" என்று சொல்லிவிட்டாராம். அவர் என்னிடம் கேட்டது இதுதான்: "அக்கா, கடைன்னு சொல்றாங்க, சரி. அப்போ கடைக்கு லைசென்ஸ் எங்க எடுக்கிறது? காசு கட்ட நான் ரெடி."

எனக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. மற்ற ஊர்களில் சண்டை நேர்மாறாக நடக்கிறது. மன்றம் கட்டணம் கேட்கும், டாக் வாக்கர்கள் முடியாது என்பார்கள்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் 2013 முதல், தொழிலாக ஒரே நேரத்தில் நாலு நாயோ அதற்கு மேலோ கூட்டிப்போகிறவர் நகர அனுமதி வாங்க வேண்டும். எட்டு நாய்க்கு மேல் கூடாது. பயிற்சி எடுத்திருக்க வேண்டும், நாய்களை ஏற்றிப்போகும் வாகனத்தையும் காட்ட வேண்டும். டொரோண்டோவில் அனுமதி இல்லாதவர் மூன்று நாய் வரை, அனுமதி பெற்றவர் ஆறு வரை. லண்டன் பக்கம் ரிச்மண்ட் மன்றம் 2017-இல் ஒருவருக்கு நாலு நாய் என்று வரம்பு போட்டு, லைசென்ஸ் எடுத்த தொழில்காரர்களுக்கு மட்டும் ஆறு என்று தளர்த்தியது. இந்த ஊர்களில் எல்லாம் எதிர்ப்பு ஒரே மாதிரிதான்: புல் பொதுச் சொத்து, நாயின் எஜமானர் ஏற்கெனவே வரி கட்டுகிறார், நடப்பதற்கு என்ன கட்டணம்? இதை நம் ஊர் மொழியில் சொன்னால், சுக்காய் பிந்து கட்டியாச்சே, இன்னும் என்ன?

இந்த வாதத்தில் ஒரு பாதியை நான் ஏற்கிறேன். நீங்களும் நானும் நம் நாயோடு நடந்தால் அது உலாவல். ஒருவர் காலை முழுவதும் ஆறு வீட்டு நாய்களை அதே புல்லில் நடக்க வைத்துச் சம்பாதித்தால் அது தொழில்தான். பொது இடத்தில் தொழில் செய்கிறவர் ஒரு தொகை கொடுப்பது நமக்குப் புதிது இல்லை. கச்சாங் பூத்தே தட்டைத் தலையில் சுமந்து விற்ற சமூகம் நாம். ஈப்போ புந்தோங்கில் கம்போங் கச்சாங் பூத்தே என்று ஓர் ஊர்ப்பெயரே நிற்கிறது. அங்காடி வியாபாரிகள் இருக்கும் வீட்டில் கேட்டுப் பாருங்கள். லைசென்ஸ் இல்லாத காலத்தில் மன்றத்து லாரி தெருமுனையில் தெரிந்தால் தட்டு ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் ஓட்டம். லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு ஓர் இடம், ஓர் எண், பக்கத்துக் கடைக்காரரோடு தகராறு வந்தால் எடுத்துக் காட்ட ஒரு காகிதம். மன்றத்துக்கும் பிடி கிடைத்தது. அங்காடிக் கடைகளில் வெளிநாட்டவர் தலைமைச் சமையல்காரராக நிற்கக் கூடாது என்று பினாங்கு 2016-இல் விதி கொண்டுவந்தபோது, லைசென்ஸ் என்ற ஒன்று இருந்ததால்தான் அதை அமலாக்க வழி இருந்தது.

ஆக, கட்டணம் கேட்பதில் எனக்குத் தகராறு இல்லை. அந்தக் காசுக்குப் பதிலாக என்ன கிடைக்கும் என்பதில்தான் இருக்கிறது.

இப்போதைய நிலையைப் பாருங்கள். ஊராட்சி மன்றம் தரும் நாய் உரிமம், நாயை வைத்திருப்பவர் பெயரில் வருகிறது. கட்டணம் யாரையும் முறிக்கிற தொகை இல்லை. நாய் கழுத்தில் வில்லை தொங்கும். கயிற்றைப் பிடித்து நடப்பவர் அந்த உரிமத்தில் எங்கும் இல்லை. ஆனால் தண்டனைச் சட்டத்தின் 289-ஆவது பிரிவைப் படித்தால் கதை வேறு. தன் வசம் உள்ள விலங்கால் மனித உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து வராதபடி பார்த்துக்கொள்ளத் தவறுகிறவரைப் பற்றியது அது. ஆறு மாதம் வரை சிறை உண்டு. 'தன் வசம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். காலை பத்து மணிக்கு நாய் யார் வசம்? எஜமானர் தொழிற்சாலைக் கூட்டத்தில் இருக்கிறார். கயிறு தம்பி கையில்.

சென்னையில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். 2024 மே மாதம், ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்காவில், அங்கேயே குடும்பத்தோடு தங்கியிருந்த காவலாளியின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. நாய்களின் உரிமையாளர் கைதானார். அப்போது இந்தியாவில் அமலில் இருந்த தண்டனைச் சட்டத்திலும் இதற்கான பிரிவு அதே 289. இரண்டு சட்டங்களுக்கும் மூலம் ஒன்று. அதன் பிறகு மாநகராட்சி விழித்துக்கொண்டது. உரிமம் கட்டாயம், கயிறு கட்டாயம், வாய்க்கூடு கட்டாயம், ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு நாயோடு மட்டுமே வரலாம். அதுவரை 50 ரூபாய் உரிமத்தைப் பலரும் எடுக்காமலே இருந்தார்கள். பிறகு உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்ற அளவுக்குப் போனது. அந்தக் குழந்தைக்கு நடந்ததைப் பார்த்த எந்த ஊரும் அப்படித்தான் செய்யும். ஆனால் ஒருவருக்கு ஒரு நாய் என்ற விதியோடு டாக் வாக்கர் தொழில் ஓடாது. 25 வெள்ளித் தம்பியிடம் கேட்டால் விரல் விட்டு எண்ணிச் சொல்வார். விபத்து நடந்த பிறகு அவசரத்தில் எழுதும் விதியில் இந்த மாதிரி ஆட்களுக்கு இடம் இருக்காது. அதற்கு முன்பே பேச வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வாரம் இதை எடுத்தேன்.

பினாங்குக்கும் ஒரு கசப்பு உண்டு. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியபோது, தெரு நாய்களைக் கொல்ல மாநில அரசு உத்தரவிட்டது. விலங்கு நல அமைப்புகள் கொதித்தன, ஊர் இரண்டாகப் பிரிந்து நின்றது. அந்த வாரங்களில் வளர்ப்பு நாயோடு வெளியே நடந்தவர்களைக் கூட மக்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். தடுப்பூசி அட்டை எங்கே என்று யாராவது கேட்டால் காட்ட எஜமானரிடம் இருக்கும். கூலிக்கு நடத்துகிறவர் கையில்?

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. நம் பூங்காவை நாம் மட்டும் பயன்படுத்தவில்லை. நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் என்பது நம் முஸ்லிம் அண்டை வீட்டாரின் மார்க்க நெறி. குறுகலான நடைபாதையில் எதிரே மூன்று நாய்கள் மூச்சிரைக்க வந்தால் அவர்கள் புல்லில் இறங்கி ஒதுங்குகிறார்கள். அதைக் கோபமாக எடுத்துக்கொள்கிற நாய்ப் பிரியர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது புரியவில்லை. 2014-இல் பண்டார் உத்தாமாவில் 'நாயைத் தொட விரும்புகிறேன்' என்ற பொருளில் ஒரு நிகழ்ச்சியை மலாய் இளைஞர் ஒருவர் ஏற்பாடு செய்தார். பயத்தைப் போக்குவதுதான் நோக்கம். கூட்டம் அலைமோதியது, பிறகு அவருக்கு மிரட்டல்களும் வந்தன. நாய் விஷயம் இந்த நாட்டில் எவ்வளவு மெல்லிய கண்ணாடி என்று அது காட்டியது. அதற்காகப் பூங்கா வாசலில் நாய்ப் படத்துக்குக் குறுக்கே சிவப்புக் கோடு போட்ட பலகை மட்டும் போதும் என்று விட்டுவிட்டால், நடப்பவர்கள் பலகை இல்லாத இடமாகப் பார்த்துப் போவார்கள். குடியிருப்புக்கு நடுவே, பிள்ளைகள் சைக்கிள் ஓட்டும் சந்துக்குள்.

அப்படியானால் பெர்மிட் கொடுத்துவிட்டால் முடிந்ததா? அங்கேயும் ஒரு முடிச்சு. 1976-ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின் 107-ஆவது பிரிவு லைசென்ஸுக்குக் கட்டணம் வைக்க மன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அதே பிரிவு, எந்த லைசென்ஸையும் எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் ரத்து செய்யவும் அனுமதிக்கிறது. இழப்பீடு கிடையாது. ஒரு புகார், ஒரு காணொளி, பெர்மிட் போய்விடும். இதைத் தெரிந்துகொண்டுதான் தம்பி போன்றவர்கள் காசு கட்ட வேண்டும்.

என்னிடம் கேட்டால், பெர்மிட்டில் முதலில் எழுத வேண்டியது தொகை இல்லை. எத்தனை நாய் என்பது. மூன்று என்று வைத்தால் தொழிலும் ஓடும், இரண்டு கையும் தாங்கும். கடிபட்டவருக்கு மருத்துவச் செலவைத் தரும் காப்புறுதி. நடத்துகிறவருக்கு பெர்கேசோவின் சுயதொழில் பாதுகாப்பு; வாடகைக் கார் ஓட்டுநர்களில் தொடங்கி 2020-இல் பல தொழில்களுக்கு விரிந்த திட்டம் அது. தடுப்பூசி அட்டையின் நகல் கையோடு. கழுத்தில் படத்தோடு ஓர் அட்டை. கட்டணத்தில் ஒரு பகுதி அதே பூங்காவுக்குத் திரும்பி வர வேண்டும்: நாய்க் கழிவுக்கென்று மூடி போட்ட தொட்டி, கை கழுவக் குழாய், முடிந்தால் ஒரு மூலையில் வேலி. தொட்டியே இல்லாத இடத்தில் அள்ளவில்லை என்று அபராதம் போடுவது கொஞ்சம் அதிகம். (அள்ளாமல் போகிறவர்களுக்கு என் அனுதாபம் இல்லை. பை ஒன்று எத்தனை காசு?)

நேரத்தையும் எழுதலாம். நம் பூங்காக்களின் நேர அட்டவணை எல்லாருக்கும் மனப்பாடம். விடியலில் தாய் சி செய்கிற சீனத்துப் பாட்டிமார், அதற்குப் பிறகு நடைப்பயிற்சி ஆட்கள், சாயங்காலம் பிள்ளைகள், பந்து, ஐஸ்கிரீம் வண்டி. காலை ஒன்பதரைக்கு மேல் பார்த்தால் புல் வெட்டுகிறவர் ஒருவர், மரத்தடியில் தூங்குகிறவர் ஒருவர். டாக் வாக்கருடைய வாடிக்கையாளர்கள் வேலையில் இருப்பதும் அப்போதுதான். ஒன்பதரையில் இருந்து பதினொன்று வரைக்கும் ஒரு பக்கத்தை அவர்களுக்கு ஒதுக்கினால் யாரும் யாருக்காகவும் புல்லில் இறங்க வேண்டாம். பதினொன்றுக்கு மேல் வேண்டாம். நம் வெயிலில் தார் ரோடு நாயின் பாதத்தைச் சுட்டுவிடும். புறங்கையைத் தரையில் வைத்து ஐந்து விநாடி பொறுக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கூட்டிப்போவதாகத் தம்பி சொன்னார்.

வருடத்துக்கு எவ்வளவு கட்டுவீர்கள் என்று அவரிடம் கேட்டேன். இருநூறு வெள்ளி வரைக்கும் சரி என்றார். அவர் கணக்கில் அது எட்டு நடை. குழாயும் தொட்டியும் இருந்தால் இன்னும் ஐம்பது சேர்த்துக்கொள்ளலாம் என்றார். கொம்தார் மாடியில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், பேரம் அங்கிருந்து தொடங்கலாம்.