கதை காட்டும் வழி



மனிதன் பார்த்துப் பழகும் பிறவி. மழலை தாயின் வாயசைவைப் பார்த்தே பேசக் கற்கிறது. அண்ணன் சிலுவை அடையாளம் வரைவதைக் கண்டு தம்பியின் கை தானே நெற்றிக்குப் போகிறது. ஒரு வீட்டுத் திருமணத்தில் புகுந்த புதுச் சடங்கு, ஈராண்டு கழிவதற்குள் ஊர் வழக்கமாகிவிடுகிறது. பிரான்சு நாட்டு நீதிபதி காபிரியேல் தார்து 1890இல் ‘போலச் செய்தலின் விதிகள்’ என்னும் பொருள்படும் நூலொன்றை வெளியிட்டு, சமுதாயத்தைக் கட்டி நிறுத்துவதே இந்தக் குணந்தான் என்று வாதிட்டார். 1976இல் உயிரியல் அறிஞர் ரிச்சர்டு டாக்கின்சு, மனத்திலிருந்து மனத்துக்குத் தாவிப் பெருகும் கருத்துக்கு ‘மீம்’ என்று பெயரிட்டார். போலச் செய்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அவர் ஆக்கிய பெயர் அது. நம் பிள்ளைகள் கைப்பேசியில் பரிமாறிச் சிரிக்கும் படங்களுக்கு இன்று அப்பெயரே வழங்குகிறது.

நல்லவை மட்டுமே இவ்வாறு பரவுமாயின் நமக்குக் கவலையில்லை. ஆனால் சாவும் இவ்வாறு பரவக்கூடும். கேட்கக் கசப்பானதாயினும், குடும்பங்கள் அறிந்துகொள்ளவேண்டிய உண்மை என்பதால் இம்மாதம் அதையே எடுத்துக்கொள்கிறோம்.

செருமானியக் கவிஞர் கதே தம் இருபத்தைந்தாம் வயதில், 1774இல், ‘இளைஞன் வெர்தரின் துயரங்கள்’ என்னும் புதினத்தை வெளியிட்டார். காதலில் தோற்றுத் தன் உயிரைத் தானே போக்கிக்கொள்ளும் இளைஞனின் கதை அது. ஐரோப்பா முழுவதும் அதைப் படித்து அழுதது. வெர்தர் அணிந்த நீலநிற மேற்சட்டையையும் மஞ்சள்நிற உட்சட்டையையும் இளைஞர்கள் தாமும் தைத்து அணிந்தனர். உடையைப் பின்பற்றியவர்கள் முடிவையும் பின்பற்றிவிடுவார்களோ என்று ஆட்சியாளர் அஞ்சினர். லைப்சிக் நகரம் 1775இல் அந்நூலைத் தடைசெய்தது. அதே ஆண்டு வந்த மறுபதிப்பில், வெர்தரைப் பின்பற்றவேண்டாம் என்று எச்சரிக்கும் வரிகளைக் கதேயே சேர்க்க நேர்ந்தது.

அந்த அச்சம் வீணானதன்று என்பதை இரு நூற்றாண்டுகளுக்குப் பின் ஒருவர் கணக்கிட்டுக் காட்டினார். அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் தாவீது பிலிப்சு, 1947 முதல் 1968 வரை நியூயார்க்கு நாளேடொன்றின் முதற்பக்கத்தில் வந்த தற்கொலைச் செய்திகளைத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் பின் நாட்டில் நிகழ்ந்த தற்கொலைகளின் தொகையோடு ஒப்பிட்டார். செய்தி வந்தபின் தொகை கூடியது. விளம்பரம் மிகுந்த அளவுக்கு ஏற்றமும் மிகுந்தது. 1974இல் இதை வெளியிட்ட அவர், இதற்கு ‘வெர்தர் விளைவு’ என்றே பெயர் சூட்டினார்.

அப்படியானால் தடுக்க வழியே இல்லையா? உண்டு என்று காட்டிய நகரம் வியன்னா. அங்கே நிலத்தடி இரயில் 1978இல் ஓடத் தொடங்கியது. 1984 முதல் அங்கு நிகழ்ந்த தற்கொலைகள் பெருகின. நாளேடுகள் ஒவ்வொன்றையும் பெரிய எழுத்தில், விவரங்களோடு, படத்தோடு வெளியிட்டு வந்தன. மனநல மருத்துவர்கள் நாளேட்டினரை அணுகி, எப்படி எழுதலாம், எப்படி எழுதலாகாது என்று நெறிமுறைகளை வகுத்துத் தந்தனர். 1987ஆம் ஆண்டின் நடுவில் ஏடுகள் அவற்றை ஏற்றுக்கொண்டன. அவ்வாண்டின் முற்பாதியோடு ஒப்பிடப் பிற்பாதியில் அத்தகைய நிகழ்ச்சிகள் 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தன. இரயிலும் அதுவே, மக்களும் அவர்களே. சொல்லும் முறைதான் மாறியிருந்தது.

நம் நாட்டிலும் இந்தியப் பத்திரிகை மன்றம் 2019இல் இத்தகைய நெறிமுறைகளை ஏற்றுக்கொண்டது. ஆனால் செய்தி சொல்பவர்கள் நாளேட்டினர் மட்டுமோ? துக்கவீட்டு முற்றத்தில் நிற்கும் நாமும் செய்தியாளரே அன்றோ? “எப்படிச் செய்தான்? எங்கே? கடிதம் எழுதி வைத்தானா?” என்று கேட்டறிந்து, அடுத்த தெருவுக்குக் கொண்டுசெல்கிறோம். “தேர்வில் தோற்றான், அதனால் போய்விட்டான்” என்று ஓர் உயிரின் நீண்ட வேதனையை ஒற்றைக் காரணத்தில் அடக்குகிறோம். அதே தேர்வில் தோற்ற பிள்ளையொருவன் அருகில் நிற்பதை யாரும் பார்ப்பதில்லை. “பாவம், இனி அவனுக்குக் கவலையில்லை, நிம்மதியாய்ப் போய்ச்சேர்ந்தான்” என்று ஆறுதலாகச் சொல்லும் சொல், துன்பத்தில் உழலும் வேறொருவர் காதில் அழைப்பாக விழுகிறது. உயிரோடிருந்த நாளில் ஏறிட்டும் பாராத முகத்தை, இறந்தபின் தெருமுனையில் ஆளுயரப் பதாகையாக்கி நிறுத்துகிறோம். இறந்தால்தான் நம்மை நினைப்பார்கள் என்ற பாடத்தை அது இளையோருக்குச் சொல்லாமற் சொல்கிறது.

இதனால் இறந்தவரை இகழவேண்டும் என்பதன்று. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் இத்தகையோருக்குத் திருச்சபை முறை அடக்கத்தை மறுத்தது. 1983இல் வந்த புதிய சட்டத் தொகுப்பு அந்தத் தடையை நீக்கிவிட்டது. அவர்களுக்காகச் செபிக்கிறோம், அவர்களுடைய வீட்டாரைத் தாங்குகிறோம். புகழ்ந்து பேசாமலும் பழித்து ஒதுக்காமலும் அழ நமக்குத் தெரியவேண்டும்.

வாய் மூடி இருப்பதும் தீர்வாகாது. முகம் வாடிய பிள்ளையைத் தனியே அழைத்து, “சாகவேண்டும் என்ற எண்ணம் வருகிறதா?” என்று பரிவோடு கேட்டால், அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்று பலர் அஞ்சுகின்றனர். அப்படிக் கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்று மருத்துவ ஆய்வுகள் காட்டியுள்ளன. இறப்பின் விவரத்தை ஊருக்குப் பரப்புவது ஒன்று. உயிரோடிருப்பவரின் பாரத்தைக் கேட்டறிவது முற்றிலும் வேறு.

நல்ல கதைக்கும் பரவும் ஆற்றல் உண்டு. மொட்சார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ இசை நாடகம் 1791இல் அதே வியன்னாவில் அரங்கேறியது. அதில் பாப்பகெனோ என்னும் பறவை பிடிப்பவன், தன் அன்புக்குரியவளை இழந்தோம் என்று உயிரை விடத் துணிகிறான். மூன்று சிறுவர் வந்து, அவன் கையிலுள்ள மணிகளை நினைவூட்டுகின்றனர். அவன் மணியடிக்க, அவள் வந்து சேர்கிறாள். ஆசுத்திரிய ஆய்வாளர்கள் 2005ஆம் ஆண்டின் முதல் ஆறு மாதங்களில் அந்நாட்டு ஏடுகளில் வந்த ஏறத்தாழ 500 செய்திகளை ஆராய்ந்தனர். சாகும் எண்ணம் வந்தும் அதை வென்று வாழ்ந்தவரைப் பற்றிய செய்திகள் வந்தபின் தற்கொலைகள் குறைந்திருக்கக் கண்டனர். 2010இல் அதற்குப் ‘பாப்பகெனோ விளைவு’ என்று பெயரிட்டனர்.

இத்தகைய கதை நம் விவிலியத்திலும் உண்டு. அரசர்கள் முதல் நூலின் 19ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். இறைவாக்கினர் எலியா சூரைச்செடியின் அடியில் அமர்ந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளும்படி மன்றாடுகிறார். வந்த வானதூதர் கடிந்து பேசவில்லை. அப்பமும் தண்ணீரும் வைத்து, எழுந்து உண்ணச் சொன்னார். உண்டு உறங்கி, மீண்டும் உண்டபின், எலியா நாற்பது நாள் நடந்து ஓரேபு மலையை அடைந்தார்.

ஆதலால் பெற்றோரே, தேர்வில் தோற்றும் தொழிலில் நொடித்தும் மீண்டெழுந்த உங்கள் கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வென்ற கதையை மட்டுமே கேட்டு வளரும் பிள்ளைக்குத் தோல்வியைத் தாண்டும் வழி தெரிவதில்லை. துக்கச் செய்தி கைப்பேசியில் வந்தால், படத்தையும் விவரத்தையும் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ ஒருவர் வாழ்வை வெறுத்துப் பேசினால், விளையாட்டென்று தள்ளாமல் அருகிருந்து கேளுங்கள், தனியே விடாதீர்கள், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்னும் அரசின் மனநல உதவி எண் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே பதில் தருகிறது. பங்கு இல்லத்தின் கதவையும் எந்நேரமும் தட்டலாம்.

நம் வாயிலிருந்து புறப்படும் கதையை எவரேனும் ஒருவர் தம் வழியாகக் கொள்ளக்கூடும். அது வாழும் வழியாக இருக்கட்டும்.